திறந்த தேதி

மார்ச் 4, திங்கள்

நாள் முழுக்கக் கட்டம் போட்ட தாள்களோடுதான் என் பிழைப்பு. யார் கை கழுவினார், யார் கழுவவில்லை, எந்த நோயாளியின் உடம்பில் எந்தக் குழாய் எத்தனை நாளாக இருக்கிறது, யாருக்குப் புதிதாகக் காய்ச்சல் - எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம், ஒரு டிக். அதனாலேயே கட்டமில்லாத இந்த நோட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. பஸ் டெப்போவில் கொடுத்ததை எனக்கென்று எடுத்து வந்த என் டிரைவர் கணவருக்கு நன்றி.

இன்று மாதக் கூட்டம். 'தொற்றுத் தடுப்பு நர்ஸ்' என்று என் அறைக் கதவில் எழுதியிருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரி முழுக்க எனக்கு 'சோப்பு மேடம்' என்றுதான் பெயர். ஒரு நோயோடு வருகிறவர்கள் இங்கே இன்னொன்றை வாங்கிக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான் என் வேலை. நான் வார்டு வாசலில் தலையைக் காட்டினால் போதும், எல்லோரும் குழாயடிக்கு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்க்க எனக்கே சிரிப்பு வரும்.

இன்று அந்த சோப்பு மேடத்துக்குக் கைதட்டல். குறைமாதக் குழந்தைகள் வார்டில், எட்டு மாதத்துக்கு முன்னால் நூறு தடவை கழுவ வேண்டிய இடத்தில் ஐம்பத்திரண்டு தடவைதான் கழுவினார்கள். இப்போது எண்பத்தெட்டு. கண்காணிப்பாளர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பாராட்டினார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

உண்மையில் பாராட்டு அந்த வார்டின் பெரிய சிஸ்டருக்குத்தான் போக வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் அவர்தான் இரண்டு கைகளையும் என் மேஜைமேல் வைத்தார். விரல் முட்டியெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. "கழுவு கழுவுன்னு சொல்றீங்க. இந்தக் கையோட ஒரு நாள் கழுவிப் பாருங்க, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி எரியுது" என்றார். அடுத்த வாரமே ஐந்து லிட்டர் கேனில் கைக்குப் போடும் கிரீம் கேட்டு வாங்கினேன். அழுத்தினால் வருகிற பாட்டில் ஒன்றில் ஊற்றி, அந்த வார்டுக் குழாயடியில் வைத்து, 'இந்தக் கைகளுக்கு நன்றி' என்று என் கையால் எழுதி ஒட்டினேன். அன்றிலிருந்துதான் கணக்கு ஏறியது. அடுத்த மாதம் எல்லா வார்டுக்கும் கொடுக்கப் போகிறோம்.

கூட்டம் முடிந்து வழக்கமான திங்கள் வேலைகள். ஊசிப் பெட்டிகளைப் பார்த்தேன். குழாய் நாட்களைக் கணக்கெடுத்தேன். கிரீம் பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது, புனல் வைத்து நிரப்பினேன். நல்ல நாள்.

மார்ச் 6, புதன்

முக்கால் இன்று பத்து கிராம் ஏறியிருக்கிறான்!

இரண்டு வாரத்துக்கு முன்னால், இருபத்தேழாவது வாரத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவன். எடை முக்கால் கிலோ. அதனால் வார்டில் அதுவே பெயர். அவன் தொடை என் கட்டைவிரல் பருமன்தான் இருக்கிறது. அழுதால் சத்தம் வராது, முகம் மட்டும் சுருங்கும்.

அவன் அம்மா தையல் வேலை செய்கிறவள். ஏழு வருஷம் காத்திருந்து பெற்றவன். தினமும் காலை பத்து மணிக்குப் பால் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். நான்தான் அவளுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுத்தேன் - உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. அவள் உதடு அசைய எண்ணிக்கொண்டே கழுவுகிறாள். எனக்குத் தெரிந்த எந்த டாக்டரும் இத்தனை நேர்மையாகக் கழுவி நான் பார்த்ததில்லை.

இன்று அவள் விரல்நுனிகளைப் பார்த்தேன். ஊசி குத்திய புள்ளிகள், அதற்கு மேல் சோப்பு பட்டு வெடிப்பு. "வலிக்கலையா?" என்றேன். "இதெல்லாம் ஒரு வலியா மேடம்" என்றாள். நானே பாட்டிலை இரண்டு அழுத்து அழுத்தி, அவள் கைகளை என் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டேன். "தினம் போட்டுக்கோங்க. மெத்துன்னு இருக்கும். புள்ளைக்கும் தொட்டா சுகமா இருக்கும்."

அவள் கண் கலங்கிவிட்டது. யாரும் இப்படிக் கையைப் பிடித்ததில்லை என்றாள். எனக்கும் என்னவோ போலாகிவிட்டது.

மார்ச் 9, சனி

சாப்பிட உட்காரும் முன்னால் வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டி, "ஆய்வாளர் அம்மா பார்த்து கையெழுத்துப் போடலாம்" என்கிறார். இருபத்திரண்டு வருஷமாக அதே ஜோக். இருபத்திரண்டு வருஷமாக நானும் சிரிக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

லேபிலிருந்து தட்டுக்காரர் கூப்பிட்டார். தட்டுத் தட்டாகக் கிருமி வளர்த்துப் பார்க்கிறவர் என்பதால் அப்படி ஒரு பெயர். மூன்றாம் படுக்கைக் குழந்தையின் ரத்தத்தில் கிருமி. ஒன்று நடக்கக் கூடியதுதான். உடம்பில் ஊசிக்குழாய் இருக்கிற குழந்தைகளுக்கு எப்போதாவது வரும். மருந்து தொடங்கியாயிற்று. கட்டத்தில் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 14, வியாழன்

ஏழாம் படுக்கை. அதே கிருமி. எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதெல்லாம் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கிறது என்கிறார் தட்டுக்காரர். "ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்து வந்திருக்கு மேடம். ஈரத்துல குடியிருக்கிற ஜாதி இது. தண்ணி, சோப்பு, குழாய் - அந்தப் பக்கமா தேடுங்க."

வார்டில் எங்கெல்லாம் ஈரம் என்று பட்டியல் போட உட்கார்ந்தேன்.

மார்ச் 15, வெள்ளி

முக்கால் இன்று காலை மூச்சை நிறுத்திவிட்டான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. உடம்பு சாம்பல் நிறமாகிவிட்டது. பெரிய டாக்டர் தட்டித் தூண்டி அவனை மீட்டார். அவர் இந்த வார்டை இருபது வருஷமாக நடத்துகிறவர், பதற்றப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்று அவர் காது சிவந்திருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறோம். மறுபடி சுவாச மெஷின்.

என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, சனி

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். குழாய் வாய், தொட்டி, சாக்கடைத் துளை, இன்குபேட்டருக்கு ஊற்றுகிற தண்ணீர், பால் எடுக்கிற பம்ப், சோப்பு, சளி உறிஞ்சும் குழாய், எடைத் தட்டு, டாக்டர்களின் ஸ்டெதஸ்கோப், கதவுப் பிடி. அறுபத்தொரு பஞ்சுக் குச்சி. தட்டுக்காரர் லீவு நாளிலும் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டில் இழுத்தார். அவர் மகளுக்கு இன்று பிறந்தநாளாம். இரண்டு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை வாய் திறக்கவில்லை மனிதர். அந்தக் குழந்தைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நர்சுகளின் கைகளையும் பார்த்தோம். ஒவ்வொருவராக என் அறைக்கு வரவழைத்து, கழுவச் சொல்லி, உடனே விரல்களைத் தட்டில் பதித்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. பெரிய சிஸ்டர் முதல் ஆளாக வந்து கையை நீட்டினார். "என் கையில இருந்தா என்கிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

முக்காலுக்கும் அதுதான்.

பெரிய டாக்டர் அவன் அம்மாவிடம் விளக்கும்போது நானும் நின்றேன். ரத்தத்தில் கிருமி, யாராவது தொட்டதில் வந்திருக்கலாம், தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். அவர் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், என் கையிலயா இருந்துச்சு?"

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் தெரியலம்மா" என்றேன். அவள் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 18, திங்கள்

அறுபத்தொன்றும் சுத்தம். கைகளும் சுத்தம். எல்லாம் பளபளவென்று இருக்கிறது, மூன்று குழந்தைகள் மட்டும் படுத்துக் கிடக்கின்றன. இதை எங்கே போய்ச் சொல்வது?

அவன் அம்மா இன்று அவனைத் தொடவில்லை. வந்தாள், பாலைக் கொடுத்தாள், இன்குபேட்டர் பக்கத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பெரிய சிஸ்டர், "தலையில கை வைங்கம்மா, அவனுக்கு உங்க சூடு வேணும்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வேண்டாம் சிஸ்டர். நான் பட்டு அவனுக்கு எதுவும் ஆக வேண்டாம்."

கவலையிலும் திங்கள் வேலைகளை விடவில்லை. பெட்டி, குழாய்க் கணக்கு, பாட்டில் - எல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் குழாயடியில் தாளும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தேன். யார் கழுவுகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தேன், வேறு என்ன தெரியும் எனக்கு? கலர் அக்கா குப்பை எடுக்க வந்தார். மஞ்சள் பை, சிவப்புப் பை, நீலப் பை என்று எது எதில் போக வேண்டுமோ அதில் பிரித்து எடுக்கிறவர். பதினெட்டு வருஷ அனுபவம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கக்கா."

"கழுவினா டிக்கு போடுறீங்க. போட்டுட்டு குனிஞ்சு எழுதுறீங்க. அப்புறம் அவங்க என்ன பண்றாங்கன்னு பாக்குறதே இல்லையே?"

நிமிர்ந்து பார்த்தேன். இளம் நர்ஸ் ஒருத்தி கழுவி, துடைத்து, என் பாட்டிலை இரண்டு அழுத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டு நேராக ஏழாம் படுக்கைக்குப் போனாள்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது போடுங்கள் என்றுதான் எட்டு மாதத்துக்கு முன்னால் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். பிறகு பாட்டிலைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் யார் ஷிஃப்ட் முடியும்வரை காத்திருப்பார்கள்? நானே இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு தாயின் கையில் -

கலர் அக்கா அதோடு நிறுத்தவில்லை. "இன்னொண்ணு மேடம். சோப்பு பாட்டில் காலியானா என் பைக்கு வருது. மருந்து பாட்டில் வருது. இந்த பாட்டில் மட்டும் ஒரு தடவைகூட என் பையில விழுந்ததே இல்ல. எட்டு மாசமா அதே பாட்டில்தானே இது? அடியில இருக்கிறது எப்போ ஊத்துனது?"

ஆமாம். ஒரே பாட்டில். காலியாக விட்டதே இல்லை. மீதி இருப்பதன்மேலேயே புதிதை ஊற்றிக்கொண்டு வந்தேன். கழுவவில்லை, காயவைக்கவில்லை. இதையே வேறு யாராவது சோப்பு பாட்டிலில் செய்திருந்தால் நின்ற இடத்திலேயே கத்தியிருப்பேன். சோப்பைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. இது நான் ஆசையாக வைத்தது. இதைச் சந்தேகப்பட என் புத்தி போகவே இல்லை.

கையைச் சோதித்தபோதும் என் அறையில்தான் கழுவச் சொன்னேன். அங்கே கிரீம் கிடையாது.

பாட்டிலைக் கையுறையோடு எடுத்துப் பையில் போட்டு லேபுக்குக் கொண்டு போனேன். கேனையும் கொண்டு போனேன். நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஆசை, அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது என்பது. இல்லை - முளைக்க வேண்டும். முளைத்தால்தான் இது நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆசைப்பட்டேன்.

மார்ச் 20, புதன்

"ஏதோ தெரியுது மேடம். நாளைக்குச் சொல்றேன்" என்றார் தட்டுக்காரர்.

மார்ச் 21, வியாழன்

அதேதான். கேன் சுத்தம். பாட்டிலில் அடிவரைக்கும் கிருமி. மூன்று குழந்தைகளின் ரத்தத்தில் இருந்தது எதுவோ அதுவே.

கழுவக் கழுவ அதிகம் பரப்பியிருக்கிறோம். ஐம்பத்திரண்டிலிருந்து எண்பத்தெட்டு!

தட்டுக்காரர் தாளைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்க மேடம். கண்டுபிடிச்சதும் நீங்கதான்" என்றார். நான் இல்லை, கலர் அக்கா என்றேன். "ஆனா பாட்டிலை எடுத்துட்டு வந்தது நீங்க. மறைச்சு வச்சிருந்தா எனக்குத் தெரியவா போகுது?" அந்த வார்த்தைக்காக அவரை நான் மறக்கவே மாட்டேன்.

பெரிய டாக்டரிடமும் கண்காணிப்பாளரிடமும் நேராகப் போய்ச் சொன்னேன். வைத்தது நான், நிரப்பியது நான், போன திங்கட்கிழமைகூட நிரப்பியது நான். கண்காணிப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அறிக்கையில், 'சரும கிரீம் ஒன்றில் கிருமி காணப்பட்டது, அகற்றப்பட்டது' என்று எழுதினால் போதும் என்றார். பெற்றோரிடமும் அவ்வளவே போதுமாம், யார் வைத்தது என்ற விவரமெல்லாம் தேவையில்லையாம். கெட்டவர் இல்லை அவர். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். வேலை போய்விடும், வழக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு நிமிஷம் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த அந்த இரண்டு கைகள் ஞாபகம் வந்தன. ஒரு கிரீமில் கிருமி இருந்தது என்று மட்டும் சொன்னால், தினம் அதைப் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தொட்டது நான்தானே என்று அவள் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"நானே சொல்லிடறேன் சார்" என்றேன்.

பெரிய டாக்டர் எழுந்தார். "நானும் கூட வரேன். என் வார்டு அது. எட்டு மாசமா நானும்தான் அதைப் போட்டுக்கிட்டேன்" என்றார்.

வீட்டில் சொன்னதும் இவர் தட்டைத் தள்ளி வைத்தார். "பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்ச வண்டியை நிறுத்திட்ட. அதுக்கு மேல டிரைவரால என்ன முடியும்?" என்றார். பிறகு என் தலையில் கை வைத்தார். கழுவாத கை. நான் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 22, வெள்ளி

மற்ற இரண்டு குடும்பங்களிடமும் காலையிலேயே சொன்னோம். மூன்றாம் படுக்கையின் அப்பா மேஜையைக் குத்தினார். ஏழாம் படுக்கையின் அம்மா அழுதார். அவர்கள் குழந்தைகள் தேறி வருகிறார்கள். முக்கால்தான் இன்னும் மெஷினில்.

அவன் அம்மாவைத் தனி அறைக்குக் கூட்டிப்போக நினைத்தேன். வரவில்லை, இன்குபேட்டர் பக்கத்திலேயே சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அந்த பாட்டில்ல இருந்துச்சும்மா. அதை வச்சது நான். கழுவாம மேல மேல ஊத்துனது நான். உங்க கையில போட்டுத் தேய்ச்சு விட்டதும் நான்தான்."

டாக்டர் மன்னிப்புக் கேட்டார், அது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. கடைசியில் கேட்டாள்.

"அப்போ என் கை இல்லையா?"

"இல்லம்மா. உங்க கை சுத்தமா இருந்துச்சு. இந்த வார்டுலேயே நீங்கதான் நல்லா கழுவுவீங்க. நான்தான் அதுக்கு மேல -"

அவள் நேராகக் குழாயடிக்குப் போனாள். உதடு அசைய எண்ணிக் கழுவினாள். உள்ளங்கை, புறங்கை, எல்லாம். பாட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. துடைத்துக்கொண்டு வந்து, பக்கவாட்டுத் துளை வழியாகக் கையை விட்டு, முக்காலின் தலைமேல் வைத்தாள். ஐந்து நாளுக்குப் பிறகு. அப்போதுதான் அழுதாள். அப்படி ஒரு அழுகை.

என் பக்கம் திரும்பாமலே, "நீங்க போங்க" என்றாள்.

வந்துவிட்டேன்.

மார்ச் 23, சனி

தூங்கினேன். எப்படித் தூக்கம் வந்தது என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 27, புதன்

முக்கால் மெஷினை விட்டு வெளியே வந்துவிட்டான்!! ரத்தம் சுத்தம். பெரிய சிஸ்டர் படியிறங்கி ஓடி வந்து என் அறையில் சொன்னார், போன் இருப்பதையே மறந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டு பேர் கையும் உப்புத்தாள் மாதிரி இருந்தது.

யாருக்கு நன்றி சொல்வது? மருந்துக்கு, டாக்டருக்கு, சிஸ்டருக்கு, அந்தத் தலைமேல் இருந்த கைக்கு, கட்டைவிரல் பருமன் தொடையை வைத்துக்கொண்டு பிடிவாதமாக இருந்தவனுக்கு. எல்லோருக்கும்.

ஏப்ரல் 3, புதன்

இரண்டு வாரமாகப் புதிதாக யாருக்கும் வரவில்லை.

விசாரணை முடிந்தது. எழுத்து மூலம் எச்சரிக்கை. வேலை தப்பியது. கையெழுத்துப் போடும்போது கண்காணிப்பாளர், "நீங்க மென்னு முழுங்கியிருந்தா இன்னிக்கு வேற மாதிரி கையெழுத்து வாங்க வேண்டியிருந்திருக்கும்" என்றார்.

ஏப்ரல் 15, திங்கள்

அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நான் வார்டுக்குள் வந்தால் இன்குபேட்டருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறாள். என்னைத் தொட விட வேண்டாம் என்று சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். சிஸ்டருக்குச் சங்கடம். எனக்கு இல்லை. அவள் நிற்க வேண்டிய இடம் அதுதான். தூரத்தில் நின்று எடையை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறேன். ஒரு கிலோ நூற்று அறுபது. முக்கால் என்ற பெயர் பொருந்தாமல் போய்விட்டது, ஆனாலும் யாரும் மாற்றத் தயாரில்லை.

அவள் அவனை நெஞ்சோடு சேர்த்து, தோலோடு தோலாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போதும்.

ஏப்ரல் 29, திங்கள்

மாதக் கூட்டத்துக்கு இன்று முதல் தடவையாகக் கலர் அக்கா வந்தார். நான்தான் கேட்டு வரவழைத்தேன். எதைத் தூக்கிப் போடுகிறோம், எதைப் போடுவதே இல்லை என்று இந்த ஆஸ்பத்திரியில் அவருக்குத்தான் தெரியும். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளர் கேட்டபோது முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு வாய் திறந்தார் பாருங்கள், இருபது நிமிஷம் நிறுத்தவில்லை! மூன்றாம் மாடியில் தண்ணீர் ஜாடி, கண் வார்டில் சொட்டு மருந்து, டாக்டர்கள் அறையில் காபிக் கோப்பை வரைக்கும். பெரிய டாக்டர் குனிந்து குறித்துக்கொண்டிருந்தார்.

புது ஏற்பாடு: எந்தப் பாட்டிலையும் மறுபடி நிரப்பக் கூடாது. எதைத் திறந்தாலும் அதில் ஒரு ஸ்டிக்கர் - 'திறந்த தேதி' என்று அச்சடித்திருக்கும், திறப்பவர் எழுத வேண்டும். கைக்குப் போடும் கிரீம் ஆளுக்கொரு சின்ன ட்யூப், வேலை முடிந்து போகும்போது மட்டும். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். நான் வாங்கவில்லை. அந்த வாசனை வந்தாலே தள்ளிப் போய் நின்றுகொள்கிறேன்.

மே 11, சனி

இவருடைய யூனிஃபார்ம் சட்டையை மடித்து வைத்தேன். "உன் கை பட்டா நூல் பிரியுது. கண்டக்டர் கேக்குறார், வீட்டுல பூனை வளர்க்கிறியான்னு" என்கிறார் இவர். என் கைகளைப் பார்த்தேன். முட்டியெல்லாம் வெடிப்பு. பத்து மாதத்துக்கு முன்னால் பெரிய சிஸ்டர் காட்டிய அதே கை. எரியத்தான் செய்கிறது. எரியட்டும்.

மே 17, வெள்ளி

முக்கால் வீட்டுக்குப் போனான்.

இரண்டு கிலோ நூறு. அவள் தைத்த மஞ்சள் தொப்பி கண்ணை மறைத்தது. இப்போது அழுதால் வராந்தா முழுக்கக் கேட்கிறது. வார்டே வாசலுக்கு வந்துவிட்டது. நான் லிஃப்ட் பக்கத்தில், தூரமாக நின்றேன். போகும் முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, குழந்தையோடு நேராக என்னிடம் வந்தாள். எட்டு வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை:

"கை கழுவிட்டு வாங்க."

கழுவினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை விட்டுவிடுவேனோ என்று பார்க்கிற மாதிரி. முடித்ததும் அவனை என் கையில் வைத்தாள். கனமாக இருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு கொட்டாவி விட்டான், அவ்வளவுதான் என் மதிப்பு அவனிடம். சிரித்தேனா அழுதேனா என்று பெரிய சிஸ்டரைத்தான் கேட்க வேண்டும்.

திரும்ப வாங்கும்போது அவள் என் விரல் முட்டிகளைப் பார்த்தாள். பிறகு பின்னாலேயே வந்திருந்த கணவனின் கையிலிருந்த பையைத் திறந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்து என் மேல்சட்டைப் பையில் போட்டாள். கைக்குப் போடும் கிரீம். மூடியின் சீல் உடைக்காதது.

"சிஸ்டர்தான் சொன்னாங்க, நீங்க போட்டுக்கறதே இல்லைன்னு. வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கோங்க. இங்க வேண்டாம்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லிஃப்ட் கதவு மூடும்வரை முக்காலின் தொப்பிதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்துதான் ட்யூபைத் திருப்பிப் பார்த்தேன். வார்டு ஸ்டிக்கர் ஒன்றைக் கேட்டு வாங்கி, கோணாமல், காற்றுக்குமிழி இல்லாமல், தையல்காரியின் கையால் ஒட்டியிருந்தாள். 'திறந்த தேதி' என்பதற்குப் பக்கத்தில் காலியிடம் விட்டிருந்தாள்.

மே 20, திங்கள்

மூன்று நாளாக அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்று வேலை முடிந்து வந்து, குளித்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வெளியே இன்னும் வெயில். இவர் பக்கத்தில் வந்து கையை நீட்டி, "எனக்கும் கொஞ்சம்" என்றார். "கழுவிட்டு வாங்க" என்றேன். போனார்.

மூடியைத் திருகி சீலை உடைத்தேன். ஒரு பட்டாணி அளவு. முதலில் எரிந்தது, பிறகு எரியவில்லை.

பேனாவை எடுத்து ஸ்டிக்கரில் எழுதினேன். மே 20.